அமலாவிடம் யாரும் சொல்லவில்லை

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் அடையாள அட்டை தருவார்கள், அப்புறம் ஒரு பயிற்சி தருவார்கள். அட்டை உபயோகமான பொருள். கழுத்தில் தொங்கினால் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார். பயிற்சியைப் பற்றிக் கேட்டால், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

நான் மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பணியின் கடைசிச் சில வருடங்களில்தான் ‘அனைவரையும் உள்ளடக்கிய மனநலச் சேவை’ என்ற வாசகம் எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு வந்து இறங்கியது. அதற்கு முன்னால் நாங்கள் யாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் வாசகம் வந்துவிட்டது, பின்னாலேயே பேனரும் வந்துவிட்டது. விளிம்புநிலை மக்களின் மனதைப் புரிந்துகொள்வதற்காக ஒரு ஹோட்டல் அரங்கில் எங்களை நடிக்கச் சொன்னார்கள். எனக்கு மலைவாழ் பெண் வேடம். சித்தேரி மலையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் சக ஊழியர் ஒருவருக்கு, சீட்டுக் குலுக்கிப் போட்டதில் உயர் அதிகாரி வேடம் விழுந்தது. அவர் என் குறையைப் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்து, “பாக்கலாம்மா, அடுத்த வாரம் வா” என்றார். அரங்கமே கைதட்டியது. பயிற்சி கொடுக்க வந்தவர்கள் மட்டும் தட்டவில்லை.

கடத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு மையம் கட்டினார்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போட்டார்கள். அதை முதலில் பயன்படுத்தியவை ஆடுகள். வராண்டாவெல்லாம் புழுக்கை என்று புகார் போனதும், சாய்தளம் முடிகிற இடத்தில் ஒரு கிரில் கேட் போட்டுப் பூட்டினார்கள். பார்வையற்றவர்கள் தடவிப் படிப்பதற்குப் புள்ளி எழுத்துப் பலகை ஒன்றும் வந்தது. அழுக்காகிவிடக் கூடாது என்று கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசல் நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்கள்.

திறப்பு விழாவுக்குச் சேலத்திலிருந்து ஒரு டீச்சரை வரவழைத்திருந்தார்கள். காது கேளாதோருக்குச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்கிறவர். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாவற்றையும் மேடை ஓரத்தில் நின்றபடியே கைகளால் சொன்னார். கூட்டத்தில் காது கேளாதவர் ஒருவர்கூட இல்லை. கூப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விழா முடிந்து நான் மோர் வாங்கிக் கொடுத்தபோது அவருக்குத் தம்ளரைப் பிடிக்க முடியாமல் விரல்கள் வலித்தன. “இவ்ளோ நேரம் யாருக்குங்க மேடம் பேசனேன்?” என்று கேட்டுச் சிரித்தார். நான் அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் விழாக்களுக்குப் போனால் சால்வையை விட்டுவிட்டு நம்பர் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அமலா வந்தது, சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்த ஒரு நாளில். எங்கள் திட்ட அலுவலர் விடியற்காலையிலேயே வந்து, ஆடு மேய்க்கிறவர்களிடம் பேசி, ஆடுகளை அன்றைக்கு வேறு பக்கம் ஓட்டச் சொல்லியிருந்தார். கிரில் கேட்டையும் திறந்து வைத்திருந்தார். டாக்டர், நான், அலுவலர் மூவரும் ஆயத்தமாக நிற்க, குழு வரவில்லை, ஒரு வாடகைக் கார் வந்தது.

காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. அண்ணன் அந்தோணி, தக்காளியும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அவர் மனைவி லூர்து. நடுவில் அந்தோணியின் தங்கை அமலா, முப்பதை நெருங்கியவள், பிறவியிலேயே காது கேளாது. மூவரும் உள்ளே வந்தார்கள், டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்தது.

“பைத்தியம் முத்திப் போச்சுங்க மேடம்” என்று அந்தோணி ஆரம்பித்தார். “டிவியப் போட்டு ஒடச்சிட்டா. சட்டி பானய வீசறா. ராத்திரி தூங்கறதில்ல. வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க, பயமா இருக்குது. ஒரு இல்லத்துல பேசி வச்சிருக்கோம், அவங்க பாத்துக்கறாங்களாம். டாக்டரு ஒரு லெட்டர் மட்டும் குடுத்து, போற வழியில ரகள பண்ணாம ஒரு ஊசியும் போட்டு வுட்டா, இப்பிடியே கெளம்பிடுவோம்.”

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மிடம் ஆட்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் நம் தொழிலில் உள்ள பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம்.

அமலாவை ஆலோசனை அறைக்கு அழைத்துப் போனோம். லூர்து கூடவே வந்தார். “அவ சொல்றது எனக்கு நல்லாப் புரியும் மேடம், நான் சொல்றேன்” என்றார். அலுவலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குடும்பத்தின் பங்களிப்பு என்று எங்கள் கையேட்டில் ஒரு தலைப்பு உண்டு, அதற்குக் கீழே எழுத எங்களிடம் அதுவரை ஒன்றும் இருக்கவில்லை.

நான் கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று. லூர்து கையால் ஏதோ காட்டினார். அமலா பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் கைகள் என்னைக் காட்டின, வாசலைக் காட்டின, மார்பைத் தொட்டன, விரல்கள் மடங்கின, விரிந்தன. புருவம் ஏறியது, உதடு நடுங்கியது. மேசை மேல் இருந்த என் கண்ணாடிக் கூடு அவள் கை பட்டுக் கீழே விழுந்தது. முடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“தலவலிங்கறா மேடம்” என்றார் லூர்து.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இவ்வளவு நீளமான தலைவலியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் வெளியே அலுவலர் வாட்சைப் பார்க்கிறார், காரில் டிரைவர் காத்திருக்கிறார், டாக்டருக்கு இன்னும் பல பேர் வரிசையில் நிற்கிறார்கள். தலைவலி என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம். நம் வேலையில் தப்பு நடப்பது பெரும்பாலும் இப்படி எல்லாருக்கும் சௌகரியமான நேரத்தில்தான். யார் மேலும் பழி விழாது, அதனால் அது தப்பு என்றே யாருக்கும் தெரியாது.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாம நான் எதும் எழுத முடியாது” என்றார். சாதாரணமாகப் பேசவே மாட்டார், அன்றைக்கு அவ்வளவு பேசினார்.

எனக்குச் சேலத்து டீச்சர் நினைவு வந்தது. வீடியோ காலில் அவரைப் பிடித்தால் நேரடியாகப் பேசிவிடலாம். போனை எடுத்தேன், டவர் இல்லை. எங்கள் ஆலோசனை அறையை ரகசியம் காப்பதற்காகவே கெட்டிச் சுவரோடு கட்டியிருந்தார்கள். உள்ளே பேசுவது வெளியே போகாது, வெளியிலிருந்தும் எதுவும் உள்ளே வராது. வராண்டாவில் ஒரு கோடு வந்தது. முன்பக்கத்துப் புங்க மரத்தடியில் போய் நின்றால் முழுசாக வந்தது.

அலுவலர் பதறிப்போனார். “மேடம், நோயாளிய நடு வாசல்ல உக்கார வச்சுப் பேசுவீங்களா? ரகசியம் என்னாவது? குழு இப்ப வந்துடும்ங்க!”

அவர் சொன்னதும் நியாயம்தான். ரகசியம் நமக்கு உயிர். வெளியே வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தவர்கள், மாத்திரைக்கு நிற்பவர்கள், டிரைவர் எல்லாரும் இருந்தார்கள். விதிப்படி பார்த்தால் அறைக்குள் உட்கார்ந்து தலைவலி என்று எழுதுவதுதான் சரி. நான் விதியை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ரெண்டு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அந்தோணி குறுக்கே வந்து, “வயசுப் பொண்ணத் தனியா வுட முடியாதுங்க” என்றார். “தனியா எங்கங்க வுடறோம், ஊரே பாக்குது பாருங்க” என்றேன். அவர் லூர்தோடு வராண்டாவிலேயே நின்றுவிட்டார்.

டீச்சர் உடனே எடுத்துவிட்டார். அமலாவின் இரண்டு கையும் பேச வேண்டும் என்பதால் போனை நான் பிடித்துக்கொண்டேன். டீச்சரின் குரல் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி இயர்போனைச் செருகிக்கொண்டேன். திரையில் டீச்சரின் கைகள் அசைந்ததைப் பார்த்ததும் அமலா சேரின் நுனிக்கு வந்துவிட்டாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே, பரவாயில்லையா என்று முதலில் கேட்கச் சொன்னேன். அமலா திரும்பி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“இவங்கள்ல யாருக்குப் புரியப் போவுது?” என்றது என் காதில் டீச்சரின் குரல்.

உண்மைதான். அந்தக் கெட்டிச் சுவருக்குள் கிடைக்காத ரகசியம் அவளுக்கு நடு வாசலில் கிடைத்தது. அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சொன்னதில் ஒரு சொல்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அடுத்து அவள் கேட்டதை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

“இது என்ன எடம்? ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கணும்னு நெனச்சேன். அதுக்கு ஏன் என் துணியெல்லாம் பைல போட்டு கார்ல வச்சிருக்காங்க?”

எங்கே போகிறோம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தோணி மறைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய ஆள் அவள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் மனசு தடுமாறியது. ஏற்கெனவே நிலைகுலைந்திருப்பவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? ஆனால் நானும் சொல்லாமல் விட்டால் அந்த வரிசையில் இன்னொரு ஆளாகப் போய் நிற்பேன். உள்ளதை உள்ளபடியே சொன்னேன். இது மனநல மையம், உன் அண்ணன் உன்னை ஓர் இல்லத்தில் விடப் பேசி வைத்திருக்கிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்காமல் டாக்டர் எதையும் எழுத மாட்டார்.

டீச்சர் அதைக் கையால் சொல்லி முடித்தார். அமலாவின் கைகள் மடியில் போய் விழுந்தன. அவள் காரைப் பார்த்தாள், வராண்டாவில் நின்ற அண்ணனைப் பார்த்தாள். நான் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை, தோளைத் தட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கைகள் மெல்ல எழுந்தன.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. அவள் வெளியூர் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவள், சைகை மொழி அங்கே கற்றது. வீட்டில் அந்த மொழி யாருக்கும் தெரியாது. தைத்துச் சம்பாதிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு மூலையில் காது கேளாதவர்கள் கூடுவார்கள். ஊர் ஊராக பஸ் ஏறி வந்து, வாரம் பூராவும் சேர்த்து வைத்ததைப் பேசித் தீர்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்கள். நீங்கள் ஆயிரம் தடவை கடந்து போயிருப்பீர்கள், நானும் போயிருக்கிறேன். அமலாவும் போய்க்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த ஒரு உறவுக்காரர், உன் தங்கை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளோடு கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுகிறாள் என்று வந்து சொல்லியிருக்கிறார். அந்தோணி மானம் போய்விடும் என்று பயந்து அவள் பஸ் ஏறிப் போவதை நிறுத்தினார், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளோடு பேச ஒரு ஜீவன் இல்லை.

“அந்த ஆள் யாரு?” என்று கேட்டேன்.

“மிக்ஸி ரிப்பேர் பண்றவரு. அவரு சம்சாரம் என் ஃபிரெண்டு. அவளும் பக்கத்துலதான் நின்னா. பாத்தவங்களுக்கு ஆம்பள மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு.”

“டிவிய ஏன் ஒடச்ச?”

“எல்லாரும் அதப் பாத்துச் சிரிக்கறாங்க. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேட்டா யாரும் சொல்றதில்ல.”

அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று நாங்கள் முடிவுகட்டிவிடவில்லை. அப்படிச் செய்வதும் ஒரு சோம்பேறித்தனம். தூக்கம் போயிருந்தது, சாப்பாடு பாதியாகியிருந்தது, எதற்கு இருக்கிறோம் என்ற நினைப்பு அடிக்கடி வருவதாகச் சொன்னாள். டாக்டர் மரத்தடிக்கே வந்து, என் இயர்போனில் ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, டீச்சர் வழியாக அவளிடம் நிதானமாகக் கேட்டார், அவள் சம்மதத்தோடு கொஞ்சம் மாத்திரை எழுதினார், அடுத்த வாரமும் வரச் சொன்னார். இல்லத்துக்கு லெட்டர் தரவில்லை, ஊசியும் போடவில்லை.

அவள் சொன்னதை அந்தோணியிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அவளிடமே கேட்டேன். “நீங்க சொல்ல வேணாம், அண்ணன இங்க உக்காரச் சொல்லுங்க” என்றாள். என் சேரைக் காலி செய்தேன். இயர்போனையும் உருவினேன்.

அந்தோணி போனைப் பார்த்து, “டீச்சர், அவகிட்டக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க…” என்று ஆரம்பித்தார். டீச்சர் கறாராக, “என்னைப் பாக்காதீங்க சார். அவங்களப் பாத்துப் பேசுங்க, நான் இருக்கறதையே மறந்துடுங்க” என்றார்.

அந்தோணி திரும்பித் தங்கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் எது சொன்னாலும் அவளுக்குப் புரியும் என்ற நிலைமை அதுவரை வந்ததில்லை.

“சாப்புட்டியா?” என்றார் கடைசியில்.

“இல்ல. காலைல தோச பாதி சாப்புடறப்பவே கையப் புடிச்சுக் கார்ல ஏத்திட்டீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்ணா?”

அந்தோணி அழுதுவிட்டார். லூர்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டிரைவர் மட்டும் எழுந்து வந்து, வண்டி போகுமா போகாதா என்று கேட்டார்.

சரியாக அந்த நேரத்தில் ஆய்வுக் குழு வந்து சேர்ந்தது. பூச்செண்டோடு ஓடிய அலுவலரைத் தாண்டி, குழுவில் பெரியவர் நேராக மரத்தடிக்கு வந்தார். ஒரு பெண் கையால் பேச, ஒரு ஆண் அழ, ஒரு டாக்டர் நிற்க, நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கண்டு மெய்மறந்து நின்றார். “இது என்ன சிகிச்சை முறை?” என்று கேட்டார்.

“செல்போன் சார்” என்றார் டாக்டர்.

பெரியவருக்கு அது போதவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாளில் எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இயற்கைச் சூழலில் மனம் திறக்கும் என்பது கள ஆய்வில் தெரியவந்திருப்பதால், எல்லா மையங்களிலும் ஆலோசனையை மரத்தடியில் நடத்த ஏற்பாடு செய்ய வேண்டும் என்றிருந்தது. மரம் இல்லாத மையங்கள் மரம் நட வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அலுவலர் புங்க மரத்தைச் சுற்றி டைல்ஸ் பதித்த மேடை கட்டினார், ஆடுகளுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. சேலத்து டீச்சருக்கு வாரம் ஒரு முறை போனில் வந்து பேசுவதற்கான சம்பளத்தை வாங்கித் தருவதற்கு, நானும் டாக்டரும் என் ஓய்வு நாள் வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தோம். இப்போது கிடைக்கிறது என்கிறார்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் எழுதுங்கள்.

அமலாவுக்கு அன்றைக்கே போன் திரும்பிக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இழுபறி. தனியாக அனுப்ப அந்தோணிக்கு மனசு வரவில்லை, அனுப்பாமல் இருக்கவும் முகமில்லை. கடைசியில் தானே கூட்டிப்போய்க் கூட்டி வருவதாக ஏற்பாடு. அதற்கு அமலா சம்மதித்தாள், எனக்குத்தான் அது முழுசாகப் பிடிக்கவில்லை. நமக்குப் பிடிக்கிற மாதிரி எல்லாக் குடும்பமும் திருந்தாது என்பதை நீங்கள் சீக்கிரம் பழகிக்கொள்வது நல்லது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு சாயங்காலம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள், அந்த மூலையைத் தேடிப் போனேன். பழக்கடைக்குப் பின்னால் ஒரு கூட்டம். சத்தமே இல்லாமல் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், கைகள் பறந்தன, யாரோ எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுவில் அமலா. முன்னைக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உடனே பேச்சுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஓரத்தில் தூணோடு தூணாக அந்தோணி நின்றிருந்தார். அவரோடு பேச அங்கே ஆளில்லை.

“என்னங்க மேடம் இப்பிடிச் சிரிக்கறாங்க?” என்றார். “என்னப் பத்திப் பேசறாங்களோ?”

“எனக்கும் தெரியாதுங்க. தங்கச்சியக் கேளுங்க.”

அவர்கள் ஏற வேண்டிய கடத்தூர் பஸ் உறும ஆரம்பித்தது. அந்தோணி போய்த் தங்கையின் தோளைத் தொட்டார். ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் காட்டி, பஸ்ஸைக் காட்டினார். எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார்.

அமலா பஸ்ஸைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்து, ‘இரு’ என்று காட்டிவிட்டுத் தோழியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் போய்விட்டது. அந்தோணி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.